பொன்பல் வேண்டாம் என்ற மரியஜான்

இனயம் கடற்கரையிலிருந்து மரியஜான் தலையில் மீன்கூடையோடு குழித்துறைச் சந்தைக்குள் நுழைந்தால் மற்ற வியாபாரிகளின் கூவல் எடுபடாது. வாய் அப்படி. கேடு வந்ததும் அந்த வாய்க்குத்தான்.

மேல்வரிசையில் ஒரு பல் விழுந்தபோது, கொழும்பில் வேலை பார்த்த புருஷன் சிலுவை அவளை அங்கே கூட்டிப்போனான். டாக்டர் இருபுறமும் இருந்த நல்ல பற்களை ராவி, பொன்னுறை மாட்டி, நடுவில் ஒரு பொய்ப்பல்லைத் தொங்கவிட்டார். தினமும் அதன் அடியில் நூலை விட்டு அழுக்கெடுக்க வேண்டும் என்றும் சொன்னார். யார் கேட்டார்கள்? பொன்னாவது அழுகுவதாவது! பல் தேய்க்கும் உமிக்கரி பட்டால் பொன் தேயும் என்று ஊரே பயந்தது. மரியஜானும் மற்றப் பற்களைத் தேய்த்துவிட்டு, பொன்பக்கம் விரலைக்கூடக் கொண்டுபோகவில்லை.

நாலாம் வருஷம் கன்னம் வீங்கி ஒரு கண்ணே மூடிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் பொன்னைக் கழற்றினார்கள். உள்ளே இரண்டு பல்லும் கறுத்து அழுகிக் கிடந்தன. ஒரு பல் போன இடத்தில் மூன்று பல் போயிற்று. அவள் அழவில்லை, பொன்னைச் சபித்தாள்.

மகள் பிரகாசிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது. அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய் மார்த்தா, கூட வந்த ஆட்களை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். அவள் வாயிலும் ஒரு பொன்பல் மின்னியது.

"மைனி, பிள்ளைக்க முன்பல்லுல ஒரு பொன்னு கெட்டிரணும். எங்க குடும்பத்துல அதுதான் அந்தஸ்து."

"கெட்டிரலாம்," என்று சிலுவை தலையாட்டினான்.

மரியஜானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கெட்டமாட்டோம். ஒரு சொத்தை இல்லாத பல்லை ராவுததுக்கு எனக்க மவ என்ன மரக்கட்டையா?"

"ஏட்டி, ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மூணாவது நின்னா ஊரு சிரிக்கும்," என்று சிலுவை பதறினான்.

"சிரிக்கட்டும். பல்லுள்ளவதானே சிரிப்பா!" மரியஜான் மார்த்தாவின் முகத்துக்கு நேரே வாயைப் பிளந்து ஓட்டையைக் காட்டினாள். "பாத்தியளா? பொன்னுக்க அடியில எச்சிலும் சோறும் தங்கும். மேல மினுங்கும், உள்ள அழுவும். வலிக்கும்போ எல்லாம் முடிஞ்சிருக்கும். பல்லு இல்லேன்னா கெட்டலாம், கெட்டுனா நூலு விட்டுக் கழுவணும். நல்ல பல்லுல கெட்டுதது கிறுக்கு. இதுக்காவக் கல்யாணம் நிக்கும்னா நிக்கட்டும்!"

மார்த்தா எழுந்து போய்விடுவாள் என்று சிலுவை பயந்தான். அவள் எழவில்லை. கன்னத்தில் கைவைத்து, வெளியே நின்ற தன் ஆட்கள் காதில் விழாதபடி கேட்டாள்:

"எனக்கும் ரெண்டு மாசமா பொன்னு கெட்டுன பக்கம் ஒரே நாத்தம் மைனி. சோறு எறங்கல. உமக்குக் கழத்துன டாக்டரு எங்க இருக்காரு?"

மரியஜானுக்கு இரக்கம் வந்தது. ஆனால் அவள் அதை வெளியே விடவில்லை.

"நானே கூட்டிட்டுப் போறேன். மொதல்ல எனக்க மவளுக்க பல்லுல கைவைக்கமாட்டோம்னு, வெளிய நிக்குத உம்ம ஆளுவளுக்கும் கேக்கும்படியா உரக்கச் சொல்லும்."