நீல போர்டு வைத்த பள்ளம்

சிட்லபாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட் மாடியில் குடியிருக்கும் புஷ்பம் டீச்சர், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூட இருந்த தங்கை எப்சியும் தன் மகள் வீட்டோடு பெங்களூருக்குப் போய்விட்டார். அதன் பிறகு டீச்சர் வீட்டில் வாய்விட்டுப் பேசுவது டிவி மட்டும்தான். சனிக்கிழமை என்றால் மற்றவர்கள் மாலுக்குப் போவார்கள். டீச்சர் பள்ளத்துக்குப் போவார்.

படப்பை தாண்டி ஒரகடம் போகும் வழியில், எப்போதோ ரோடு போட மண் எடுத்த பள்ளம் அது. அடியில் வெளிறிய களிப்பாறை, அப்பளக் கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஓரத்தில் சின்னச் சுத்தியலால் பதமாகத் தட்டினால் இரண்டாகப் பிரியும். எத்தனையோ கல் தட்டினால் ஒன்றில் இலை இருக்கும். டைனோசர் காலத்து இலை, நரம்பு நரம்பாகப் பதிந்து கல்லாகியிருக்கும். "மனுஷன் கண்ணுல இது படறது இதான் முதல் தடவை, தெரியுமா?" என்று ஒருநாள் என்னிடம் காட்டினார். எனக்கு அது கறிவேப்பிலைக் கொத்து மாதிரி தெரிந்தது. அந்த வெயிலில் போய்க் கல் தட்ட எங்கள் அபார்ட்மென்ட்டில் யாருக்குத் தலையெழுத்து? நல்ல இலை கிடைத்த அன்று, அந்தச் சந்தோஷத்தை பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு வருவார்.

அந்தப் பக்கமெல்லாம் குடோன்கள் எழும்ப ஆரம்பித்தன. பள்ளமும் போய்விடுமோ என்று டீச்சருக்குத் தூக்கம் போயிற்று. நாலு பேர் வந்து பார்க்கிற இடமாகிவிட்டால் பள்ளம் பிழைக்கும், தானும் அங்கே தனியாக உட்கார வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டார். சர்ச்சில் பேசி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை வேனில் அழைத்துவர ஏற்பாடு செய்தார். நிலத்துக்காரர் முனிரத்தினத்திடம், "ஒரு போர்டு வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். "தாராளமா வெச்சுக்கோங்க, டீச்சரம்மா" என்றார் அவர்.

இங்கேதான் டீச்சர் கோட்டை விட்டார். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பழங்காலக் கல்வட்டங்கள் இருக்கும் இடங்களில் அரசாங்கம் நீல போர்டு வைத்திருக்கும். பார்க்க மதிப்பாக இருக்கட்டும் என்று டீச்சரும் அதே நீலத்தில், வெள்ளை எழுத்தில் எழுதவைத்துப் பள்ளத்து ஓரம் நட்டார்: 'பாதுகாக்க வேண்டிய இடம்.' இந்தப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு நீல போர்டு என்றாலே ஆகாது. கட்ட முடியாது, விற்க முடியாது, பக்கத்து மனையையும் ஒருத்தன் வாங்க மாட்டான் என்று பயம். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தவருக்கு இது தெரியவில்லையே என்று எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

பிள்ளைகள் வருவதற்கு முன்னால் வேன் நிறுத்த இடம் பார்க்க வேண்டும் என்று என் ஸ்கூட்டரில் ஏறினார். போனோம். பள்ளம் இல்லை. எங்கேயோ இடித்த கட்டடத்தின் கான்கிரீட், செங்கல், பாத்ரூம் டைல்ஸ் எல்லாவற்றையும் கொட்டி நிரப்பி, மேலே செம்மண் பரப்பியிருந்தார்கள். ரோடு ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

முனிரத்தினம் ஓடிவந்தார். பயந்துபோன மனிதர் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இன்னா டீச்சரம்மா, கெவுருமெண்டு போர்டு கணக்கா வெச்சிட்டீங்க? உன் நெலம் போச்சுடான்னு ஊரே வந்து சொல்லுது. அளக்க ஆள் வர்றதுக்குள்ள மூடிடுன்னான் புரோக்கரு வெற்றிவேலு. எனக்குன்னு கீறது இந்த ஒரு துண்டு நெலந்தாம்மா."

"பசங்க வந்து பார்க்கணும்னுதானே வெச்சேன், முனிரத்தினம்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உங்க கல்லு எங்கியும் போவல. அடியில அப்பிடியேதான் கீது."

"அடியில இருந்து என்ன? யாரு பார்ப்பா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். அவருக்கும் வருத்தம்தான்.

"எத்தினி வருசமா வந்துகினு இருந்தீங்க. எதுக்கு வர்றீங்கன்னு ஒரு நாளாவது கேட்டிருப்பேனா? நீங்க ஒண்டியா வந்துகினு இருந்த வரைக்கும் எனக்கு ஒரு பயமும் இல்லம்மா. கும்பல் வரப்போவுதுன்ன பொறவுதான் பேஜாராப் பூட்ச்சு. இல்லாட்டி இந்தப் பள்ளம் பாட்டுக்கு அப்பிடியேதான் கெடந்திருக்கும்."

டீச்சர் சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்பும்போது படப்பை மார்க்கெட் நெரிசலில் வண்டி நின்றபோது, டீச்சர் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார்.

"வீட்டுக்குப் போனதும் சர்ச்சுக்கு போன் பண்ணி, வேன் வேண்டாம்னு சொல்லிடும்மா. என்னால பேச முடியாது" என்றார். பிறகு, "நான் தனியாவே போயிட்டு வந்திருக்கணும்" என்றார்.