ஜெர்மன் ஊர்ச் சட்டமும் எங்கள் தெருக் குழாயும்

கம்பெனிப் பயிற்சிக்கென்று ஆறு மாதம் ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊரில் இருந்துவிட்டு செகந்திராபாத்தை அடுத்த மௌலா அலி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினார் என் வீட்டுக்காரர். ஆள் வந்தாரே தவிர மனசு வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்த ஊரின் பழங்காலத்து நகர மண்டபம். படுத்தால் அதை இடித்த யுத்தம், ஊர்க்காரர்களே கல் சுமந்து திரும்பக் கட்டிய கதை. குழம்பில் உப்பில்லை என்பதைக்கூடக் கவனிக்க மாட்டார்.

அதோடு விட்டாரா? காலனி சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். அந்த ஊரில் மத்தியானம் ஒன்று முதல் மூன்று வரை யாரும் சத்தம் போடக் கூடாதாம். இங்கேயும் அதே சட்டம்.

"ஏங்க, நம்ம குழாயில தண்ணி வர்றதே ரெண்டு மணிக்கு. முதல்ல பாக்கிறவங்க 'நீள்ளொச்சாயி, பானி ஆகயா'ன்னு கத்தினாத்தானே தண்ணி வந்தது மத்தவங்களுக்குத் தெரியும்?" என்றேன்.

"கத்தாம வாழப் பழகணும். அதான் நாகரிகம்."

நாகரிகமாம், நாகரிகம்!

சட்டம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அவர் தங்கையைப் பெண் பார்க்க செகந்திராபாத்திலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போய்விடக் கூடாதே என்று காலையிலிருந்து அடுப்படியில் நின்றவள், அவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் குழாயடிக்கு ஓடினால், காற்றுதான் வந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மாவின் அண்டாக்கள் மட்டும் தளும்பின.

"ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?" என்றேன்.

"மீ ஆயனே கதம்மா அரவொத்தன்னாரு" என்றாள். கத்தாதே என்றது உன் புருஷன்தானே! அவள் கொடுத்த ஒரு குடம் காப்பிக்கே சரியாகப் போயிற்று.

பஜ்ஜி தின்று முடித்த பையனின் அம்மா எண்ணெய்க் கையோடு எழுந்து, "கை கழுவணுமே" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. இவரோ பையனின் அப்பாவிடம், அந்த ஊர்ச் சதுக்கத்தில் ராத்திரி பகலாகத் தண்ணீர் கொட்டும் கல்தொட்டியை விவரித்துக்கொண்டிருந்தார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தலை குனிந்து உட்கார்ந்திருந்த நாத்தனார் சட்டென்று எழுந்தாள். பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, "இருங்க அத்தை, பக்கத்து வீட்ல வாங்கிட்டு வரேன்" என்று இரண்டு குடத்தோடு வாசலிறங்கினாள். போச்சு, குடி கெட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பையனின் நாற்காலி காலியாக இருந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால், ஒரு குடத்தை அவன் வாங்கிக்கொண்டு அவளோடு போகிறான். இருவரும் சிரிக்கிறார்கள்.

தையில் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், தன் சட்டம்தான் தங்கைக்கு மாப்பிள்ளை பிடித்துக் கொடுத்தது என்கிறார் இவர். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்ள?