செக்கர் பார்க்க ஒரு மீன்

சட்டைத் தொழிற்சாலையில் அவரை டென்ஷன் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நூற்று நாற்பது தையல் மிஷின்களிலும் நூலின் இழுப்பைச் சரிபார்ப்பது அவர் வேலை. மற்றபடி டென்ஷன் என்ற சமாச்சாரத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மிஷின் முனகுகிறது என்று சூப்பர்வைசர் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தால், இவர் ஆடி அசைந்து போவார். ஸ்க்ரூடிரைவரின் முனையை மிஷின்மேலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பி வெளியே வரும். இரண்டு சொட்டு. முனகிய மிஷின் பாட ஆரம்பித்துவிடும். உலகத்தில் சுற்றுகிற எதற்கும் இரண்டு சொட்டு எண்ணெய்தான் மருந்து என்பது நாற்பத்தொன்பது வயதுக்குள் அவர் கண்டடைந்திருந்த தத்துவம்.

அந்த எண்ணெய்தான் அவருக்குப் பெண்டாட்டியையும் தேடிக் கொடுத்தது. தைத்து வரும் சட்டைகளைச் சோதிக்கிற செக்கர் ஒருத்தி, ஒருநாள் காலரில் கறையோடு ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது சட்டையா, நீங்க கை துடைக்கிற துணியா?" என்று கேட்டாள். மறுநாளும் ஒரு கறை. அதற்கு மறுநாளும். மூன்றாவது கறை தானாக விழுந்ததா, யாராவது விட்டதா என்பதைக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகியும் அவளால் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை.

செக்கர் என்றால் அப்படி ஒரு செக்கர். கண்ணால் பார்த்து, விரலால் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அதற்கப்புறம்தான் எதையும் ஒப்புக்கொள்வாள். 'மழை பெய்யுது' என்று சொன்னால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்கிற ஜாதி.

இப்படிப்பட்டவளிடம்தான் அவர் மூன்று வருஷமாக மீன் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பெனி பஸ் ஒருநாள் ஏரிக்கரையில் டயர் வெடித்து நின்றதுதான் ஆரம்பம். கரையில் ஒரு தபால்காரர், காக்கிச் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். ஸ்ஸ்ர்ர்ர் என்று ரீல் சுற்றுகிற சத்தம் டென்ஷன் மாஸ்டரின் காதில் விழுந்தது. அவ்வளவுதான். காதைப் பிடித்து இழுத்த மாதிரி பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனவர், டயர் மாற்றி ஹாரன் அடித்தும் திரும்பவில்லை. தொழிற்சாலையில் பாஸ் வருகிறார் என்றால் எல்லோரும் ஓடுவார்கள். அன்றிலிருந்து ஏரியில் பாஸ் மீன் வருகிறது என்றால் இவர் ஓடினார். தலையே வாயாக இருக்கும் பச்சை மீன் அது. பாசிக்குள் ரௌடி மாதிரிப் பதுங்கியிருந்து, எதிரே போகிறவனையெல்லாம் விழுங்கும்.

படகு கிடகு எதுவும் கிடையாது, கரைதான். பிடித்ததை அங்கேயே தண்ணீரில் விட்டுவிடுவதும் கரைக்காரர்களின் வழக்கம். ஆக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, இரண்டு கையையும் அகல விரித்து, "இவ்வளவு பெருசும்மா!" என்பார். செக்கர் அந்த இரண்டு கைக்கும் நடுவிலிருந்த காற்றை உற்றுப் பார்ப்பாள்.

"கண்ணுக்குத் தெரியலையே."

"விட்டுட்டேன்மா."

"ஆமா, விடுறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல."

உண்மையைச் சொன்னால், கைக்கு வந்ததெல்லாம் சுண்டைக்காய்கள்தான். பெரியவை கடிக்கும், இழுக்கும், பாசிக்குள் பாய்ந்து தூண்டில் முள்ளை உதறிவிட்டுப் போய்விடும். ஏன் என்று அவருக்கு விளங்கவே இல்லை. மூன்று வருஷமாக, வீடு வந்து சேர்வதற்குள் அவற்றையும் பிடித்த கணக்கில் சேர்த்துவிடுவார்.

வினை ஜன்னலோர மேசையின் உருவத்தில் வந்தது. வீட்டில் நல்ல வெளிச்சம் விழுகிற ஒரே இடம் அது. அதன்மேல் அவருடைய ரீல்கள், நூல்கண்டுகள், குட்டி ஸ்க்ரூக்கள் போட்ட மூடிகள், மீனை ஏமாற்றுகிற ரப்பர் தவளைகள். செக்கருக்கு அவள் அக்கா ஆயிரம் துண்டுப் படப்புதிர் ஒன்று பரிசாக அனுப்பியிருந்தாள். அதைப் பரப்ப இடம் வேண்டும்.

"இந்த ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். ரெண்டு கிலோ மீன் ஒண்ண என் கண்ணால பாக்கணும். பாத்துட்டா மேசை உங்களுக்கு, பேசவே மாட்டேன். பாக்கலேன்னா தவளைங்க எல்லாம் பரணுக்குப் போகுது."

"பரண்ல இருட்டும்மா. ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரியாது."

"மீனும்தான் தெரியல."

மேசை போனால் ரீலைப் பிரிக்க முடியாது. பிரிக்காத ரீலோடு வாழ்வதா? சனிக்கிழமை மத்தியானமே மனுஷன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அவரிடம் இரண்டு ரீல்கள். சமர்த்து, சண்டி என்று பெயர். சமர்த்து, கோலுக்கு அடியில் தொங்குகிற ரீல். லேசான பொய்யிரையையும் மறுபேச்சில்லாமல் வீசும், மெல்லிய நூல், சிக்கே விழாது. சண்டி, கோலின்மேல் குந்தியிருப்பது. வீசும்போது கட்டைவிரலால் அதன் நூலுருளையைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால், இரை போகிற வேகத்தைவிட உருளை வேகமாகச் சுற்றி, நூல் முழுக்கக் குருவிக்கூடு. வாரம் முழுக்க அடுத்தவர் நூல்சிக்கை எடுக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை சொந்தமாகச் சிக்கு தயாரித்தார்.

ஆனால் பாசிக்குள் பதுங்குகிற பெரிய மீனைச் சமர்த்தின் மெல்லிய நூல் தாங்காது. தடித்த பின்னல் நூல் வேண்டும். அதற்குச் சண்டிதான்.

பதினைந்து கிராம் ரப்பர் தவளையைக் கட்டினார். முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்கினார். கோலை நீட்டி, ரீலின் பொத்தானை அழுத்தினார். தவளை மெதுவாக இறங்க வேண்டும்; தரையைத் தொட்ட கணத்தில் உருளை நின்றுவிட வேண்டும். முதல் தடவை தொப்பென்று விழுந்தது. பக்கத்துத் திருகை ஒரு மயிரிழை இறுக்கினார். இந்தத் தடவை மாடிப்படி இறங்குகிற மாப்பிள்ளை மாதிரி வந்து தரையைத் தொட்டு நின்றது. இருபது தடவை இறக்கினார். இருபது தடவையும் வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்தது டிராக். மீன் வெறிகொண்டு இழுக்கும்போது நூல் அறுந்துபோகாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிற பிரேக் அது. நூலின் நுனியைக் கைத்தராசில் மாட்டி, "இதுதான்மா பிரேக்கு" என்று செக்கரைப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். மூன்று கிலோவில் நூல் கிர்ரென்று நழுவ வேண்டும். நழுவியது. "ஆஹா!" என்றார்.

"மீன் மாட்டினா கூப்பிடுங்க, அதுக்கு முன்னால ஆஹா போடாதீங்க" என்று தராசைத் திருப்பிக் கொடுத்தாள் அவள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஞாயிறு காலை அவள் தலை வாரிக்கொண்டிருந்த பத்து நிமிஷம் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ரீலைக் காதில் வைத்துச் சுற்றிக் கேட்டார். நன்றாகத்தான் பாடியது. இருந்தாலும், பெரிய நாள் அல்லவா? கைப்பிடியைக் கழற்றி, குப்பியின் மூக்கு எங்கெல்லாம் நுழையுமோ அங்கெல்லாம் இரண்டிரண்டு சொட்டு விட்டார். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் செய்வதுதான்.

கரையில் தபால்காரர் ஏற்கெனவே நின்றிருந்தார். செக்கரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகி, "வாங்க தங்கச்சி! உங்க வீட்டுக்காரர் எங்க எல்லாருக்கும் ஆகாயத்துல மீன் புடிச்சுக் காட்டுறவரு!" என்றார்.

"அண்ணே, வாய மூடு" என்றார் டென்ஷன் மாஸ்டர்.

பின்னால் புதர், தலைக்கு மேலே கிளை. தூக்கி வீச வழியில்லை. பக்கவாட்டில்தான் வீச வேண்டும். முதல் வீச்சு, குருவிக்கூடு. செக்கர் குனிந்து அந்தக் கூட்டை விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டாவது வீச்சில் தவளை கிளையில் ஏறி உட்கார்ந்தது. பதினோராவது வீச்சில் நூல் பட்டாகப் போயிற்று. தவளை பாசியின் ஓரத்தில் தொப்பென்று விழுந்து, இரண்டு துள்ளு துள்ளியது.

ஏரி வாயைத் திறந்தது.

"மீனு!" என்று முதலில் கத்தியது செக்கர்தான்.

கோல் வளைந்தது. மீன் பாசியை நோக்கிப் பாய்ந்தது. சண்டி நூலை விட்டது. விட்டது, விட்டுக்கொண்டே இருந்தது. டிராக்கை இறுக்குகிற நட்சத்திரத் திருகைத் திருப்பினார், நிற்கவில்லை. முழுக்க இறுக்கினார், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி நழுவியது. கைப்பிடியைச் சுற்றினால் கைப்பிடி மட்டும் சுற்றியது.

"என்னங்க, சுத்துறீங்க, ஒண்ணும் வரலியே?"

"தெரியலம்மா! நேத்து மூணு கிலோ புடிச்சுதே!"

செக்கர் குனிந்தாள். மீனைப் பார்க்க வந்தவள் ரீலைப் பார்த்தாள். திருகின் அடியிலிருந்து ஒரு மினுமினுப்பு கசிந்து அவருடைய சட்டைக் கையில் இறங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டு, மோந்து பார்த்தாள்.

"இதுக்குள்ளயும் எண்ணெய் விட்டீங்களா?"

"ரெண்டே சொட்டு..."

"இதுதான பிரேக்குன்னு நேத்து சொன்னீங்க? பிரேக்குல போயி யாராவது எண்ணெய் விடுவாங்களா? சைக்கிளுக்கு விடுவீங்களா?"

அந்த நொடியில், மூன்று வருஷமாகக் கைநழுவிய அத்தனை பெரிய மீன்களும் அவர் கண்முன்னால் வரிசையாக நீந்திப் போயின. ஒவ்வொன்றுக்கும் தானே எண்ணெய் போட்டு வழியனுப்பியிருக்கிறோம்! அழ வேண்டிய இடம். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காம புடிங்க!" என்று செக்கர் கைக்குட்டையை நான்காக மடித்து, நூலுருளைமேல் வைத்துக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினாள். ஆயிரம் காலர்களைத் தடவிய கட்டைவிரல். உருளை நின்றது. மீனும் நின்றது. பாசிக்கு இன்னும் ஒரு முழம்தான்.

"அழுத்தியே புடி! நடப்போம்!"

"எங்க?"

"பின்னால!"

ஒருவர் கோலைப் பிடிக்க, ஒருத்தி ரீலைப் பிடிக்க, இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டிப் பின்பக்கமாகவே நடந்தார்கள். கோல் தாழும்போது, "விடு!" அவள் விரலை எடுப்பாள், அவர் மளமளவென்று சுற்றுவார். "அழுத்து!" மறுபடி பின்பக்க நடை. ஐந்தாவது 'அழுத்து'க்குப் புதர் வந்துவிட்டது. புதருக்குள்ளேயே போனார்கள். அவள் தலையில் இலை, அவர் காதில் முள். முழங்கால் தண்ணீரில் வலையோடு நின்ற தபால்காரர், "இன்னும் நாலு அடி! அய்யோ, உங்க கல்யாணத்துக்கு நான் வராமப் போயிட்டேனே!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மீன் வலைக்குள் விழுந்தது. தபால்காரர் கைத்தராசில் தொங்கவிட்டார்: இரண்டு கிலோ முந்நூறு. செக்கர் புதரிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடினாள். இரண்டு கையையும் தண்ணீரில் நனைத்து அதை ஏந்தினாள். வெளிச்சத்தில் திருப்பினாள். வாயிலிருந்து வால்வரை விரலால் தடவினாள். பச்சை விலாவில் கறுப்பு வரி ஒரு கோணலும் இல்லாமல் ஓடியது.

"எங்கயும் ஒரு குறையில்ல" என்றாள். மெல்லக் குனிந்து தண்ணீரில் இறக்கினாள். மீன் ஒரு கணம் அவள் உள்ளங்கையிலேயே இருந்தது. வாலால் மூன்று பேர் முகத்திலும் தண்ணீரை அடித்துவிட்டு மறைந்தது.

"ஃபோட்டோ!" என்றார் தபால்காரர். இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கையில் வலை.

வீட்டுக்கு வந்ததும் செக்கர் முதல் வேலையாகப் படப்புதிர்ப் பெட்டியைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோனாள். சொன்ன சொல் தவறுகிறவள் இல்லை. சண்டியைப் பிரித்துப் போட்டார் அவர். டிராக்கின் வட்டத் தகடுகளை ஒவ்வொன்றாக எண்ணெய் போகத் துடைத்தபோது, பக்கத்து அறையிலிருந்து அவள் தன் அக்காவுக்கு ஃபோன் போடுவது கேட்டது.

"சத்தியமாக்கா, நான் என் கையால புடிச்சேன்... ஃபோட்டோவா? ஃபோட்டோ எடுக்க எங்க கை இருந்துச்சு? ... ஏன், தபால்காரர் பாத்தாரே... வேலிக்கு ஓணான் சாட்சியா? இந்தாக்கா, வார்த்தைய அளந்து பேசு. மூணு கிலோக்கா! மூணுக்கு மேலயே இருக்கும்!"

அவர் எட்டிப் பார்த்தார். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பார்க்க ஆளில்லாத அந்த அறையில் அவள் இரண்டு கையையும் விரித்து நின்றாள். அக்கா நம்பாத ஒவ்வொரு தடவையும் கைகள் இன்னும் கொஞ்சம் அகன்றன.

"அவ்வளவு இல்லம்மா..." என்றார் அவர், மெதுவாக.

ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். "நீங்க சும்மா இருங்க. தொட்டுப் பாத்தது நானா, நீங்களா?"