கள்ளக் குழாய்க்கு ஒரு காவல்

என் மச்சான் யாரையும் கோபப்பட்டு அடித்ததில்லை. அடிக்கச் சொன்னால் அடிப்பான், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவான், அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவான். மச்சானை அவன் இவன் என்கிறேனே என்று முகம் சுளிக்க வேண்டாம். என் பெண்டாட்டிக்கு அண்ணன்தான், ஆனால் எனக்கு இரண்டே மாதம் மூத்தவன். அவன் மட்டும் என்னை வாய் நிறைய மாப்பிள்ளை, வாங்க போங்க என்பான். சாயப்பட்டறையில் எல்லோருக்கும் அவன் உலக்கை. உடம்பும் அப்படி, மூளையும் அப்படி.

பதினாறு வருஷம் கேட்டில் நின்றான். சம்பளச் சீட்டில் வாட்ச்மேன் என்று போட்டிருக்கும். நிஜ வேலை வேறு. கழிவுத் தொட்டி நிரம்பினால், சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ணாமல் நேரே ஆற்றில் தள்ளப் பின்சுவரை ஒட்டி ஒரு குழாய் இருந்தது. கள்ளக் குழாய் என்போம். அதைத் திறந்த மறுநாள் ஆற்றோரத்திலிருந்து யாராவது கத்திக்கொண்டு வருவார்கள். பெரிய முதலாளி மாடி ஜன்னலில் நின்று கையைக் காட்டுவார். இவன் போவான். ஒருத்தனுக்குக் காறை எலும்பு, ஒருத்தனுக்கு நாலு பல். நாங்கள் மெஷின் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்போம். எங்கள் சோறும் அந்தக் குழாயில்தான் ஓடியது, அப்புறம் என்ன நியாயம் பேசுவது?

ஒருநாள் காய்கறித் தோட்டக்காரர் ஒருவர் ஒரு பாட்டில் ஆற்றுத் தண்ணீரோடு வந்தார். கத்தவில்லை. முதலாளி இதை ஒரு வாய் குடித்துக் காட்டட்டும், போய்விடுகிறேன் என்றார். மாடியிலிருந்து சத்தம் வந்தது, அவனையே குடிக்க வை என்று. மச்சான் அவர் தாடையைப் பிடித்து, பாட்டிலை வாயில் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை குடிக்க வைத்தான். மனுஷன் இவன் செருப்பின் மேலேயே ஊதா நிறத்தில் வாந்தி எடுத்தார். அன்றைக்குத்தான் இவன் சாப்பிட உட்காரவில்லை. "அந்தாளு என்னையே பாத்துக்கிட்டுக் குடிச்சாரு மாப்பிள்ளை," என்றான். போய் வேலையைப் பாரும் ஓய் என்றேன். 

பெரியவர் மாரடைப்பில் போனார். மகன் வந்தார், நாங்கள் சின்னவர் என்போம். வந்ததும் வாசலில் மாட்டியிருந்த பசுமை நிறுவனம் என்ற சான்றிதழைக் கழற்றினார். இது நமக்குப் பொருந்தும் நாளில் மாட்டிக்கொள்ளலாம் என்றார். படித்த பிள்ளை, ஆறு மாதத்தில் தெளிந்துவிடும் என்று நாங்கள் சிரித்தோம். அடுத்து உலக்கையைக் கூப்பிட்டார். சீட்டுக் கிழியப்போகிறது என்று நான் நினைத்தேன். அவரோ கள்ளக் குழாயின் வால்வுச் சக்கரத்தில் சங்கிலி சுற்றிப் பூட்டி, சாவியை எங்கள் எல்லோர் முன்னாலும் இவன் கையில் வைத்தார்.

"இத்தன நாளா வெளிய இருந்து வந்தவங்கள அடிச்சீங்க. இனிமே உள்ள இருக்கிறவங்க யார் இதத் தொட்டாலும் தடுங்க. நானே வந்தாலும் விடாதீங்க."

"நீங்க வந்தாலும் அடிக்கணுமா?" என்று கேட்டான் உலக்கை.

"அடிங்க," என்று சின்னவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை, தலையை ஆட்டிவிட்டு வால்வுப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. தொட்டிக்குள் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் கோட்டைத் தொட்டால் எந்த மெஷினிலிருந்தும் சாயத்தை இறக்கக் கூடாது. சுத்திகரிப்பு மெதுவாக நடக்கும், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். எங்களுக்கு லோடுக்கு இவ்வளவு என்று கூலி. நின்றால் கூலி இல்லை. ஷிப்டு மேஸ்திரி நான். எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். உன் மச்சான்தானே, சொல்லக் கூடாதா என்பார்கள். சொல்லிப் பார்த்தேன், கெஞ்சினேன், அவன் தங்கையை விட்டும் சொல்ல வைத்தேன். சாயம் கலக்கும் ஆள் ஒருத்தன் பூட்டைத் தட்டிப் பார்த்ததற்கு மச்சான் அவன் இரண்டு விரலை ஒடித்தான். அதோடு ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அப்போதுதான் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. எனக்கு ஒரு குறுக்குப் புத்தி தோன்றியது. எட்டு மெஷினிலும் துணியை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுவதுதான் முறை, அப்போதுதான் தொட்டி தாங்கும். நான் எட்டையும் ஒரே மணி நேரத்தில் ஏற்றினேன். எட்டும் ஒன்றாக முடியும், தொட்டி கோட்டைத் தொடும், சாயத்தை உடனே இறக்காவிட்டால் துணி திட்டுத் திட்டாகப் பாழாகும். எட்டு லோடு பாழாவதைப் பார்த்துக்கொண்டு எந்த மடையனும் சும்மா இருக்க மாட்டான், மச்சான் சாவியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

பகல் இரண்டு மணிக்கு எட்டும் முடிந்தன. எட்டையும் இறக்க ஆரம்பித்ததுமே தண்ணீர் கோட்டைத் தொட்டது. மச்சான் நாற்காலியை விட்டு எழுந்து வால்வுக்கு முன்னால் நின்றான், அவ்வளவுதான். நான் சின்னவருக்குப் போன் போட்டேன். ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. இந்த ஆர்டர் போனால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சாவியக் குடுங்க. இந்த ஒரு தடவ மட்டும்," என்றார்.

மச்சான் அசையவில்லை. சின்னவர் அவன் சட்டைப் பையில் கையை விட்டார்.

பளார் என்று ஒரு அறை. சின்னவர் இரும்புப் படியில் போய் விழுந்தார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். மச்சான் சாவியைப் பையிலிருந்து எடுத்து வலது கைக்குள் பொத்திக்கொண்டான்.

எனக்கு என்ன ஆனது என்று கேட்காதீர்கள். முதலாளியை அடித்துவிட்டான், எல்லோர் பிழைப்பும் போச்சு, என் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கும் என்றுதான் மனசில் ஓடியது. கையில் பெரிய பைப் ஸ்பேனர் இருந்தது. சாவி இருந்த வலது கையில் ஓங்கி ஒன்று போட்டேன். முழங்கைக்குக் கீழே கை மடங்கித் தொங்கியது. சாவியை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். மடங்கின இடத்திலேயே இன்னொன்று போட்டேன். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பத்துப் பேர் அவனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். நினைத்திருந்தால் நாலு பேரையாவது கொன்றிருப்பான். திருப்பி ஒரு கை ஓங்கவில்லை. வால்வுச் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

"விடுங்கடா அவர!"

சின்னவர் படியைப் பிடித்து எழுந்து நின்றார். ரத்தத்தைத் துப்பினார். சக்கரத்தோடு ஒட்டிக் கிடந்தவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் சொன்னததான் செஞ்சாரு. மெஷினத் தொடாதீங்க. துணி போனா போகட்டும்."

எட்டு லோடும் போனது. ஆர்டரும் போனது. பட்டறையை மூடவில்லை, சின்னவர் தன் வீட்டை அடகு வைத்து, பக்கத்தில் இன்னொரு தொட்டிக்குக் குழி தோண்டச் சொன்னார். டாக்டரிடம் படியில் விழுந்தேன் என்றார். எட்டையும் யார் ஒன்றாக ஏற்றியது என்று அவர் இன்றுவரை என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாரம் குறைந்திருக்கும்.

வீட்டில் என் பெண்டாட்டி ஒரே கேள்விதான் கேட்டாள், அண்ணன் உங்களைத் திருப்பி அடித்தாரா என்று. இல்லை என்றேன். கையில் இருந்த எவர்சில்வர் தட்டை வீசினாள். நெற்றியில் நாலு தையல். தையல் போட்ட அதே ஆஸ்பத்திரியில் மேல் மாடியில் மச்சான் கிடந்தான்.

அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் கதவோரம் நின்றேன். சின்னவர் உள்ளே இருந்தார். சாவியை அவன் தலையணைப் பக்கத்தில் வைத்து, சீக்கிரம் வந்துவிடுங்கள் என்றார். டாக்டர் வலது கையை இனிமேல் மடக்கவே முடியாது என்று சொல்லியிருந்தார். மச்சான் சாவியை இடது கையால் எடுத்தான், கொஞ்ச நேரம் வைத்திருந்தான், அப்புறம் என்னைக் கண்டுவிட்டான்.

"வாங்க மாப்பிள்ளை," என்றான். சின்னவர் பக்கம் திரும்பினான். "இத இனிமே இவர்கிட்ட குடுங்க. நல்லா அடிக்கிறாரு."

அவன் கேலி பண்ணவில்லை. அவனுக்குக் கேலி வராது. சின்னவர் என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன்.