தலைவர் படம் போட்ட வெள்ளச் செய்தி

ஜாசின் ஊரில் மணியத்தைத் தெரியாதவர்கள் இல்லை. தெரியாதவர்களுக்கும் அவரே தெரியப்படுத்திவிடுவார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். ஒரு நலச்சங்கத்துக்குத் தலைவரானதும் தலைகால் புரியவில்லை. தீபாவளியோ திருமணமோ, அவர் கைகூப்பி நிற்கும் போஸ்டர்தான் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வரும். சாவுச் செய்தியில்கூட இறந்தவரைவிடத் தலைவர் பெரிதாக இருப்பார். இதற்குப் பெயர் சேவையாம்!

பக்கத்துச் சுங்கை ரம்பாயில் வெள்ளம் ஏறிய காலையில், தான் வேலைசெய்யும் குருபோங் ஃபேக்டரியிலிருந்து புனிதா குழுவில் எழுதினாள். அம்மா முனியம்மா நடக்கமுடியாதவர், வீட்டில் தனியாக இருக்கிறார், தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, படகு வேண்டும். வீட்டு எண், மேப், அம்மாவின் கைப்பேசி எண் எல்லாம் இருந்தன. அப்படியே நாலு பேருக்கு அனுப்பியிருந்தால் போதும்.

அனுப்பினால் மணியத்தின் பெயர் எங்கே இருக்கும்? அட்மின் அவர்தானே, யாரும் படிக்குமுன் அந்தச் செய்தியை அழித்தார். புனிதா பதறிக்கொண்டு கூப்பிட்டாள்.

“பொறும்மா. போஸ்டரா போட்டாதான் நாலு பேரு பாப்பாங்க லா.”

“இடுப்பு வரைக்கும் தண்ணின்னு அம்மா அழுவுறாங்கண்ணே!”

“செஞ்சிக்கிட்டுதானே இருக்கேன்!”

செய்தார். போஸ்டரின் பின்னணி நீலம் பிடிக்காமல் மஞ்சளாக்கினார். கண்ணாடி போட்ட படத்தை மாற்றிக் கண்ணாடி இல்லாத படம் வைத்தார். முகம் பெரிதானதில் விலாசத்துக்கு இடமில்லை. ‘சுங்கை ரம்பாய்’ போதும் என்று விட்டார். முனியம்மாவின் எண்ணைத் தூக்கிவிட்டுத் தன் எண்ணைப் போட்டார். அதில் அவருக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. கூச்சம் என்பது அவர் வீட்டுப் பக்கமே வந்ததில்லை.

போஸ்டர் ஊரெல்லாம் பரவியது. வாழ்த்துகள் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தவருக்கு ஒரு புது எண் திரும்பத் திரும்ப அழைத்தது தொந்தரவாக இருந்தது, வெட்டிவிட்டார். அழைத்தவன் கோகுலராஜ். போஸ்டரைப் பார்த்து உதவப் படகோடு சுங்கை ரம்பாய் வந்த இளைஞன், எந்த வீடு என்று தெரியாமல் நின்றிருந்தான்.

ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கடைசியில் அவன்தான் முனியம்மாவைக் கண்டுபிடித்தான். உடம்பு கட்டிலோரம் மிதந்தது.

“இவரு மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் எந்த வீட்ட தேடுறது, அக்கா?” என்று போஸ்டரைக் காட்டிப் புனிதாவிடம் அழுதான். அவளுக்கு மணியத்தின் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் குழுவில் இரங்கல் போஸ்டர் வந்தது. மணியம் கைகூப்பி நின்றிருந்தார். இறுதிச் சடங்குக்கு வருகிறவர்கள் வழி தவறக்கூடாதே! வீட்டு எண், சாலை, மேப், இந்தத் தடவை எல்லாம் சரியாக இருந்தன.