கும்மாளத்துக்குப் பொருள் எழுதியவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு அகராதி ஆபீசில் வேலை. சொற்களுக்குப் பொருள் எழுதுவார். நல்ல மனிதர்தான், ஒருவர் வம்புதும்புக்கும் போக மாட்டார். ஆனால் முகம் மட்டும் எப்போதும் உர்ரென்று இருக்கும். அவர்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிற நான் அவருக்கு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. அக்காவுக்குத் தெரிந்தால் என் தோலை உரித்துவிடுவாள்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம். ஒரு செயலுக்குப் பொருள் எழுதுகிறவர் அதைச் செய்துபார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். 'நொண்டு' என்ற சொல் வந்தபோது அத்தான் மாடிப்படி வரை நொண்டிக்கொண்டே போனாராம், அதே முகத்தோடு. அப்படிப்பட்டவர் மேசைக்குக் 'கும்மாளம்' வந்து சேர்ந்தது.

முதலில் சொல்லின் பூர்வீகத்தைக் குடைந்தார். கும்முதலிலிருந்து வந்ததா, கும்மிக்கு ஒட்டுறவா, கூட்டமாய்க் குதிக்கிற சத்தத்திலேயே பிறந்ததா என்று சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு. ஒன்றும் பிடிபடவில்லை. 'மூலம் உறுதியில்லை' என்று எழுதிவிட்டுப் பொருளுக்கு வந்தார். 'பலர் கூடி மகிழ்ச்சியில் எழுப்பும் ஆரவாரம்' என்று அவர் எழுதியதைப் பதிப்பாசிரியை அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வெளியில நின்னு எழுதியிருக்கீங்க சார். உள்ள போய்ப் பார்த்துட்டு எழுதுங்க."

வேறெங்கே போவார்? வீட்டிலேயே இரண்டு வாண்டுகள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அக்காவின் பெண்கள் போடுகிற ஆட்டத்தில் வீடு இரண்டுபடும். அதைப் பார்க்க அத்தான் சீக்கிரமே கிளம்பி வந்தார். வாசலில் அவர் இருமல் கேட்டதுதான் தாமதம், இரண்டும் கப்சிப். பெரியவள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் அதே கதைதான்.

அடுப்படிக்கு வந்து என்னிடம் கேட்டார்.

"நான் வந்தா மட்டும் ஏன் நின்னுபோகுது?"

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "உங்க மூஞ்சியைப் பார்த்தா யாருக்கு அத்தான் ஆட்டம் வரும்?"

கையிலிருந்த தண்ணீர் டம்ளரை மேடைமேல் வைத்தார். "என் பிள்ளைங்க சிரிக்கிறதை நான் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னுதான் கேட்டிருக்கேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அகராதி கிடக்கட்டும், மனிதர் உள்ளுக்குள் நொந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாள் சாயங்காலம் இரண்டு பெண்களும் கட்டில்மேல் ஏறித் தலையணையால் மொத்திக்கொண்டிருந்தார்கள். அத்தான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். வழக்கம்போல் எல்லாம் அடங்கிவிட்டது. அவர் பையைக் கீழே வைத்தார்.

"நானும் வரலாமா?"

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். அப்புறம், "செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றாள்.

ஏறியவர் முதலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி விறைப்பாக நின்றார். பெரியவள் பயந்து பயந்து அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அவர் திருப்பி வைத்தார். அவ்வளவுதான், மூன்று பேரும் போட்ட கூத்தில் நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தேன். அத்தான் ஒரு குதி குதித்தார் பாருங்கள், மடாரென்று கட்டில் பலகை முறிந்து மூவரும் குழிக்குள் கிடந்தார்கள்.

எப்போது திட்டு விழுமோ என்று இரண்டும் அப்பா முகத்தையே பார்த்தன. சின்னவளுக்கு உதடு பிதுங்கத் தொடங்கிவிட்டது.

அத்தான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். முறிந்த பலகையைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார்.

"அடுத்த ரூம்ல ஒரு கட்டில் இருக்குல்ல?"

அது என் கட்டில். போய்த் தொலையட்டும் என்று வழிவிட்டு நின்றேன். பிள்ளைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.