என் மகள் மாற்றிய புகைப்படம்

அரசுப் பணியில் இருந்தவரை, விண்ணப்பங்களில் ஒட்டிய புகைப்படத்துக்குச் சான்றொப்பம் இடுவது என் அன்றாட வேலைகளுள் ஒன்று. ஆள் நேரில் வந்து நிற்காமல் நான் பேனாவை எடுத்ததில்லை. அத்தகைய நான், என் மகளுக்கு வரன் தேடும் இணையதளத்தில் ஒரு பொய்யான படத்தை ஏற்றினேன். இதை எழுதுவது எனக்கு எளிதன்று. ஆயினும் அவளைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட வழியில்லை.

கல்லூரி முடித்த ஆண்டில் அவள் முகவாயில் வெண்திட்டு தோன்றியது. இடது கன்னம்வரை பரவி நின்றுவிட்டது. திருவாலங்காட்டில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றும் அவள் அதை ஒருநாளும் மறைத்ததில்லை. முகப்பூச்சு எதுவுமின்றிக் காலைப் பேருந்தில் ஏறிப் போவாள். மறைக்க விரும்பியவன் நான். கடைத்தெரு ஸ்டுடியோவில் சொல்லி, படத்திலிருந்து அந்தத் திட்டை நீக்கச் செய்தேன். பார்ப்பவர் எவரும் ஐயுறாத அளவுக்கு நேர்த்தியான வேலை.

மணவூரிலிருந்து ஒரு குடும்பம் அந்தப் படத்தை நம்பி விருப்பம் தெரிவித்தது. எங்கள் ஊரில் பெண் பார்ப்பது பெரும்பாலும் மலைக்கோயிலில்தான். சாமி கும்பிட வந்தவர்கள்போல இரு வீட்டாரும் சந்திப்பார்கள். ஒத்துவராவிட்டால் எவருக்கும் தலைகுனிவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை தளத்தைத் திறந்தபோது படம் மாறியிருந்தது. கைப்பேசியில் அவளே எடுத்துக்கொண்டது. வெயிலில், திட்டு தெளிவாகத் தெரிய. முன்பிருந்தது திருத்தப்பட்ட படம் என்று கீழே ஒரு வரியும் எழுதியிருந்தாள்.

"யாரைக் கேட்டு மாத்தினே?" என்றேன்.

"யாரைக் கேக்கணும் நைனா? மூஞ்சி என்துதானே?" தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"வர்றவங்க என்ன நெனைப்பாங்க? என் மானம் போவாதா?"

"மலை மேல பட்டப்பகல்ல பாக்கப் போறாங்க. அங்கயும் உங்க ஸ்டுடியோக்காரரு வந்து தொடச்சிகினு நிப்பாரா?"

சினத்தோடு அங்கிருந்து எழுந்து போனேன்.

மறுநாள் காலை மணமகனின் தாயார் அழைத்தார்.

"ரெண்டு விதமா போட்டோ பாத்துட்டோங்களே! எந்தப் பொண்ணைப் பாக்க வரணும்னு சொன்னீங்கன்னா, ரயிலேறத் தோதா இருக்கும்."

ஸ்டுடியோவில் நேர்ந்த தவறு என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரே என் மகள் காபி டம்ளருடன் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வரன் தட்டிப்போகலாம் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் அவள் முகத்தில் பதற்றம் இல்லை.

"ரெண்டாவதுதாங்க நெஜம்," என்றேன். "மொத போட்டோ என் வேலை. மாத்தினது எம் பொண்ணு. எனக்குத் தெரியாமதான் மாத்துச்சி."



"ஆங்... அப்ப வர்றோங்க. ஆனா உங்களை நம்பி வரலை. அந்தப் பொண்ணை நம்பி வர்றோம்."

என்னிடம் அதுவரை எவரும் அப்படிப் பேசியதில்லை. ஞாயிறன்று அந்த அம்மாள் பிராகாரத்து நிழலில் என் மகளை அருகே உட்காரவைத்து நெடுநேரம் பேசினார். எனக்குக் கிடைத்தது ஒரு வணக்கம் மட்டும்.

திருமணமாகி இரண்டாண்டுகள் ஆகின்றன. நான் எதைச் சொன்னாலும், தன் மருமகளிடம் ஒருமுறை கேட்டுக்கொண்ட பிறகே சம்பந்தியம்மாள் தலையசைக்கிறார். அதைத் தட்டிக்கேட்க எனக்கு உரிமையில்லை. என் மகளின் சொல்லுக்கு அந்த வீட்டில் உள்ள மதிப்பைக் காணும்போது, கேட்கவும் தோன்றுவதில்லை.